குனிந்து வந்த மணல் மூட்டைகள்

பாலம் தயாராக இருந்தது. அதில் நடக்க வேண்டிய ஜனங்களும் தயாராக இருந்தார்கள். குறுக்கே நின்றது ஒரு நாடா.

மஞ்சள் சாட்டின் நாடா. எத்தனை மழை பெய்தாலும் சாயம் போகாது என்று அடிமாலிக் கடைக்காரர் சத்தியம் செய்து விற்றது.

நாடாவுக்கு இந்தப் பக்கம் ஹவில்தார் பொங்கியண்ணன் நின்றிருந்தார். அந்தப் பக்கம் பாலம். கீழே செம்மண் நிறத்தில் சுழித்து ஓடும் காட்டாறு. அக்கரையில் தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம், தகரக் கூரை போட்ட ஒரே வரிசை வீடுகள். அதற்குப் பின்னால் மலை. மலையின் முதுகில் ஒரு வெடிப்பு.

"ஏ பட்டாளத்தய்யா!" அக்கரையிலிருந்து ராமுத்தாயின் குரல் ஆற்றின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது. இடுப்பில் பெண் குழந்தை, தலையில் மழைக்குப் போட்ட கொங்காணிச் சாக்கு. "காலையில கோழி தாண்டுன வெடிப்பு, இப்ப ஆடு தாண்டத் திணறுது. எங்கள எப்ப தாண்ட விடுவீக?"

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா! மந்திரி வந்துட்டே இருக்கறாருங்க!"

"மந்திரி வந்து எங்களத் தூக்கிட்டுப் போகப் போறாராக்கும்?"

"இல்லீங்க. நாடா வெட்டப் போறாருங்க!"

ராமுத்தாய் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாடாதான? எங்கிட்டக் கவாத்துக் கத்தி இருக்கு. எறியட்டுமா?"

பொங்கியண்ணன் தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவருடைய பட்டாளம் முழுநேரப் பட்டாளம் அல்ல. வருஷத்தில் பெரும்பகுதி வடகரப்பதியில் கடலைக்காட்டுக்கு ஏர் ஓட்டுவார்கள்; வாளையார் செக்போஸ்டில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவார்கள். பயிற்சி மாதம் வந்தால் பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். நாட்டுக்கு ஆபத்தென்றால் தந்தி வரும். நிஜப் பட்டாளத்துக்காரர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'லீவுப் பட்டாளம்'.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம் தந்தி வந்தது. பள்ளிவாசல் எஸ்டேட் பக்கம் மலை இடிந்து கிடக்கிறது, உடனே வா.

வந்து சேர்ந்தபோது ஒருவன் விடாமல் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆள் சாகும் வெள்ளம் என்பதெல்லாம் அப்புறம். வடகரப்பதியில் மழை என்பது பக்கத்து ஊர்க்காரன் பார்த்ததாகச் சொல்லிக் கேள்விப்படுகிற சமாச்சாரம்.

"ஏனுங்ணா," என்றான் லாரி ஆள் கருப்புசாமி, ஆற்றையே வெறித்தபடி. "இத்தனை தண்ணியும் சும்மா போகுதுங்களே. இதுல ஒரு வாய்க்கா வெட்டி நம்மூருக்குத் திருப்புனா..."

"டேய், அதுல விழுந்தா நீயே நம்மூருக்கு வரமாட்ட. கயித்தைப் புடி."

நீச்சல் ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் கயிறு தெரியும். விடிந்ததிலிருந்து வேலை செய்தார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி அக்கரைக்கு வீசினார்கள். ராமுத்தாயும் மற்றவர்களும் பிடித்து இழுத்து, லயத்துக்கு முன்னால் இருந்த பாறையில் எஸ்டேட்டின் இரும்புக் கம்பிகளைச் சுற்றிக் கட்டினார்கள். கம்பியின் மேல் சில்வர் ஓக் பலகைகள் ஏறின. கைப்பிடிக்குக் கருப்புசாமியின் லாரிக் கயிறு. மத்தியானத்துக்குள் பாலம் ஆடிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே நாடாவும் இறங்கியது.

தாசில்தாருக்குத் தமிழ் தெரியும். மலையாளம் நடுவே புகுந்து உதவி செய்யும். "ஹவில்தாரே! அசலாயிட்டுண்டு! இனி மந்திரி எத்தும் வரை ஒராளும் இதில் சவிட்டக் கூடாது. உத்காடனம் கழிஞ்சு மதி."

சவிட்டக் கூடாது என்றால் கால் வைக்கக் கூடாது; உத்காடனம் என்றால் திறப்பு விழா. பொங்கியண்ணனுக்கு அந்த வார்த்தை புரியச் சற்று நேரமும், அர்த்தம் புரிய இன்னும் கொஞ்ச நேரமும் ஆயிற்று.

"ஏனுங் சார், அங்க ஆளுங்க இருக்கறாங்கங்க."

"அதாணு வேண்டது. ஆள் இல்லெங்கில் மந்திரி யாரை ரட்சிக்கும்?"

கேப்டன் வேறொரு பெரிய சரிவுக்குப் போயிருந்தார். போகும்போது ஒரே ஒரு உத்தரவு போட்டிருந்தார்: சிவில் அதிகாரி சொல்வதைக் கேள். பொங்கியண்ணன் பட்டாளத்தில் சேர்ந்த நாள் முதல் ஒரு உத்தரவையும் மீறியதில்லை. மீறினால் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும்.

ஆகவே அடுத்த வேலை தொடங்கியது. ஆற்றில் இறங்கக் கொண்டுவந்த மூங்கிலில் வரவேற்பு வளைவு எழுந்தது. கரையை அணைக்கக் கொண்டுவந்த மணல் மூட்டைகள் மேடையாயின. மந்திரியின் செருப்பில் சேறு படக்கூடாது அல்லவா? வளைவில் வாழை மரம் கட்ட ஆள் போதாமல், எஸ்டேட் ஃபேக்டரியிலிருந்து ஒருவனைப் பிடித்து வந்தார்கள். பெயர் சின்னமுத்து. அக்கரையில் குழந்தையோடு நிற்கும் ராமுத்தாய் அவன் மனைவி. ஷிப்டுக்கு இந்தப் பக்கம் வந்தவன், மலை இடிந்து பழைய பாலமும் போனதால் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான்.

"ஏய்யா!" என்று அக்கரையிலிருந்து அவள் கூவினாள். "நாங்க இங்க மண்ணுக்குள்ள போகப் போறோம், நீ அங்க யாரு கலியாணத்துக்கு வாழ மரம் கட்டுற?"

சின்னமுத்துவின் கையிலிருந்த கயிறு நழுவியது. வாழை மரத்தை அப்படியே போட்டுவிட்டு நாடாவை நோக்கி ஓடினான். பொங்கியண்ணன் குறுக்கே விழுந்து பிடித்தார்.

"விடுங்கய்யா! எம் பொண்டாட்டி புள்ள அங்கன கிடக்கு!"

"தெரியுதுங்க. நீங்க அங்க போனா அங்க ஓராள் கூடுமே ஒழிய, இங்க ஓராள் வரமாட்டாங்க. கொஞ்சம் இருங்க."

"எதுக்கு இருக்கணும்?"

பொங்கியண்ணனுக்கே தெரியவில்லை.

போலீஸ் ஒயர்லெஸ் அலறியது. மந்திரி கிளம்பிவிட்டார். மறுபடி அலறியது. மந்திரி நின்றுவிட்டார். மலைப்பாதையில் மண் சரிந்து கார் போக வழியில்லை. மண்ணை அள்ள ஆள் வேண்டும். மந்திரி பக்கத்து பங்களாவில் டிபன் சாப்பிடுகிறார்.

"சார், நம்ம பசங்க போயி அள்ளிடறமுங்க," என்றார் பொங்கியண்ணன்.

தாசில்தார் திடுக்கிட்டார். "நிங்கள் போயால் இவிடே சல்யூட் யார் அடிக்கும்?"

மந்திரி வர முடியாததற்குக் காரணம் மண். மண்ணை அள்ள ஆள் இல்லாததற்குக் காரணம் மந்திரி. பொங்கியண்ணன் இதை இரண்டு தரம் மனசுக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"ஏ பட்டாளத்தய்யா!" ராமுத்தாயின் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "ஆடு விழுந்துருச்சு. மொக்கையன் தாத்தா ஆடு வெடிப்புக்குள்ள விழுந்து, இப்பத்தான் தூக்குனோம். வீட்டுத் தரையில செந்தண்ணி ஊறுது."

தாசில்தாரின் கவலை வேறு திசையில் இருந்தது. ஆடும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல அருகில் வந்தார்.

"ஹவில்தாரே, மந்திரிக்கு நல்ல சரீரமாணு. கூடே எம்.எல்.ஏ. உண்டு. அவர் இன்னும் பெரிய சரீரம். போட்டோக்காரன், கன்மேன், நான்... இது தாங்குமோ?"

பொங்கியண்ணன் மண்டைக்குள் ஏதோ ஒரு பூட்டு சடக்கென்று திறந்தது. நிமிர்ந்து, அட்டென்ஷனில் நின்றார்.

"தெரியலீங் சார்."

"தெரியில்லயோ!" தாசில்தாரின் குடை சாய்ந்தது.

"பாரம் ஏத்திச் சோதிக்காம எந்தப் பாலத்துலயும் பெரிய மனுசங்கள ஏத்தக் கூடாதுங்க. பட்டாளத்து விதி. மணல் மூட்டை வெச்சுப் பாக்கோணும்."

"எங்கில் பாக்கு! வேகம் பாக்கு!"

"மணல் மூட்டையெல்லாம் மேடைக்கு அடியில இருக்குதுங்க. உருவினா மேடை உக்காந்துருமுங்க. மந்திரி சேத்துல நிக்கோணும்."

தாசில்தார் மேடையைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஒரு இடத்திலும் உதவி இல்லை.

"வேற கனம் ஒண்ணு இருக்குதுங்க," என்றார் பொங்கியண்ணன், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல். "அக்கரையில."

"அது ஜனமல்லே!"

"பாரத்துக்கு என்னங்க, எதுவா இருந்தாலும் சரிதானுங்க."

"ஆனால்... அங்கிருந்து இங்கே எதுக்கு? இங்கிருந்து அங்கே சோதிக்கலாமே?"

"மந்திரி அக்கரை போனா அங்கயே குடியிருப்பாருங்களா? திரும்பி வரோணுமில்லீங்க. டிபன் சாப்பிட்டிருப்பாரு, வர்றப்பக் கனம் கூடியிருக்கும். வர்ற பக்கம் தாங்குமான்னுதானுங்க மொதல்ல பாக்கோணும்."

கருப்புசாமி சிரிப்பை அடக்க ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தாசில்தார் யோசித்தார். கோணல் எங்கோ இருந்தது. ஆனால் மந்திரி ஆற்றில் விழுவது அதைவிடப் பெரிய கோணல். "ஆனால் உத்காடனம்? நாடா?"

"நாடா மேல ஒரு விரல் படாதுங்க. நான் பொறுப்பு."

பொங்கியண்ணன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"அம்மா! ஒவ்வொருத்தரா வாங்க! கயித்தைப் புடிச்சுக்கோங்க! இந்தக் கரைக்கு வந்ததும் நாடாவுக்கு அடியில குனிஞ்சு வரோணும்! யாராச்சும் கேட்டா நீங்க மணல் மூட்டைங்க!"

"என்னது?"

"மணல் மூட்டைங்க!"

"மூட்டையோ முடிச்சோ, உசிரோட வந்தாச் சரி!"

முதல் மூட்டை ஒரு கிழவி. பலகையில் உட்கார்ந்து நகர்ந்து வந்தாள். நாடாவின் அடியில் தவழ்ந்தபோது கருப்புசாமி கையைக் கொடுத்து இழுத்தான். அடுத்தது, முதுகில் குழந்தை கட்டிய ஒருத்தி. அடுத்தது, டிரான்சிஸ்டரை நெஞ்சோடு அணைத்த ஒருவன். பாலம் ஊஞ்சலாக ஆடியது. தாசில்தார் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி, நாடா அறுந்ததா என்று திறந்து பார்த்தார்.

ராமுத்தாய் தன் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து அனுப்பினாள். சின்னமுத்து குனிந்து அதை வாங்கி, மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கரையையே பார்த்தான்.

அவள் வரவில்லை. மொக்கையன் தாத்தா ஆட்டை விட்டு வர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

"ஆடும் கனந்தானுங்க!" என்று கத்தினார் பொங்கியண்ணன். "தூக்கிட்டு வரச் சொல்லுங்க!"

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தாத்தா பாலத்தில் ஏறினார். அவர் பின்னால், முதுகில் கை வைத்துத் தள்ளியபடி ராமுத்தாய். நடுப் பாலத்துக்கு வந்தபோது மலை முனகியது.

இடி அல்ல. பெரிய வயிறு ஒன்று புரண்டு படுப்பது போன்ற சத்தம். லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல், அப்படியே நடந்து கீழே வந்தன.

"ஓடுங்க!"

தாத்தா ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று ஆடுகூட எதிர்பார்த்திருக்காது. கரைக்கு ஒரு பாய்ச்சல் தூரம் இருக்கையில் அக்கரைப் பாறை பெயர்ந்தது. காலடிப் பலகை சாய்ந்தது. கருப்புசாமி ஆட்டின் கொம்பைப் பிடித்தான், தாத்தா ஆட்டைப் பிடித்திருந்தார். ராமுத்தாயின் மணிக்கட்டைச் சின்னமுத்து பிடித்தான். சின்னமுத்துவின் இடுப்பைப் பொங்கியண்ணன் பிடித்தார்.

"இழு!"

"நாடா! நாடா!" என்று அலறினார் தாசில்தார்.

எல்லோரும் நாடாவுக்கு அடியில் சேற்றில் வந்து குவிந்தார்கள். தலை தூக்கிப் பார்த்தபோது அக்கரையில் லயம் இருந்த இடத்தில் வெறும் செம்மண். ஒரு தகரம் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

ராமுத்தாய் கணவனின் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "வாழ மரம் கட்டுறியோ, வாழ மரம்!" பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் யாரோ மண்ணை அள்ளி வழி விட, மந்திரி வந்தார். மேடை சாயவில்லை, செருப்பில் சேறு படவில்லை. சல்யூட் நன்றாக இருந்தது. கத்திரிக்கோல் பளபளத்தது. நாடா இரண்டாக விழுந்தது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, சாயம் போகவே இல்லை. நாடாவுக்கு அப்பால் நாலு பலகை, அதற்கப்பால் ஆற்றில் தொங்கும் கம்பி. போட்டோக்காரர் கெட்டிக்காரர், நாலு பலகை மட்டும் விழும்படி எடுத்தார். மந்திரி இரண்டு பலகை நடந்து திரும்பினார்.

சோதனை வீண்போகவில்லை. பாலம் தாங்கியது.

நிவாரணச் சாமான் லாரியில் வந்திருந்தது. கம்பளியும் அரிசியும். தாசில்தார் தொண்டையைச் செருமினார். "இது ரட்சிக்கப்பட்டவர்க்கு. உத்காடனம் கழிஞ்சு பாலம் கடந்தவர்க்கு. அங்ஙனே ஒராளும் இல்லல்லோ."

மந்திரி நனைந்து நடுங்கும் கூட்டத்தைப் பார்த்தார். "அப்போ இவரெல்லாம் யார்?"

தாசில்தார் குடைக்குள் ஒதுங்கினார். ராமுத்தாய் முன்னால் வந்தாள்.

"நாங்க மணல் மூட்டைய்யா."

மந்திரி பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார். பொங்கியண்ணன் அட்டென்ஷனில் நின்றார்.

"ஆமாங்கய்யா. சோதனை மூட்டைங்க. தாசில்தார் சார் உத்தரவுலதானுங்க ஏத்துனம். இதுகளை நனைய விடக் கூடாதுங்க. கம்பளி போத்தி வெக்கோணும். பட்டாளத்து விதி."

"அரிசி?" என்றார் தாசில்தார், ஈனக் குரலில்.

"மூட்டை காலியாக் கெடந்தா எடை குறைஞ்சு போகுமுங்க சார். அடுத்த பாலத்துக்குச் சோதனை தப்பாயிரும்."

மந்திரிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. சிரித்துவிட்டு, கொடுக்கச் சொல்லிக் கையை அசைத்தார். கருப்புசாமி லாரியின் பின்கதவைத் தடாலென்று திறந்தான்.

ராமுத்தாய் முந்தானையை விரித்து நின்றாள். படி அரிசி விழுந்தது. அவள் நகரவில்லை.

"இன்னொரு படி போடுய்யா," என்றாள். "இடுப்புல ஒரு சின்ன மூட்டை இருக்குல்ல."