நவம்பர் உறையில் தாத்தாவின் பெயர்

"அது தாத்தாவோட சர்ட்டிஃபிகேட் இல்லேங்கிறேன்—"

"மார்ட்டின் லாவெல்னு கொட்டை எழுத்துல இருக்கு. அப்பா ஜான், அம்மா ஹோனர், அக்கில் தீவு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு? அவரே எந்திரிச்சு வந்து—"

"மோனிகா, நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"—நான்தான்னு சொல்லணுமா?"

லியோ கரண்டியைக் கீழே வைத்தார். திங்கட்கிழமை தோறும் தங்கை வீட்டில்தான் அவருக்கு மத்தியானச் சாப்பாடு. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் குழைய வெந்த ஸ்கவுஸ், பக்கத்தில் வினிகரில் ஊறிய பீட்ரூட். லிவர்பூலில் அவர்கள் பிறந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இந்த வீடு. இங்கிருந்து இன்னும் இரண்டு தெரு தள்ளி அவருடையது. எழுபத்துநாலு வயதில் மனிதர் மொத்தமாக நகர்ந்தது நாலு தெரு.

சாப்பாட்டு மேசையில் பாதிதான் சாப்பாட்டுக்கு. மீதிப் பாதி பதினோரு மாதமாக விண்ணப்பத்துக்கு என்று ஆகிவிட்டது. மோனிகாவின் சான்றிதழ்கள் ஒரு அடுக்கு, அம்மாவுடையவை ஒரு அடுக்கு, அம்மாவின் அப்பாவான மார்ட்டின் லாவெலுடையவை ஒரு அடுக்கு. கடைசி அடுக்கின் மேல், அயர்லாந்திலிருந்து முத்திரையோடு வந்த பிறப்புச் சான்றிதழ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, ஜனவரி.

தாத்தா பாட்டி நாலு பேரில் ஒருவர் அயர்லாந்து மண்ணில் பிறந்திருந்தால் போதும், பேத்தி அந்த நாட்டுக் குடிமகளாகப் பதிந்துகொள்ளலாம். அதற்கு மேலே பூட்டன் பூட்டி என்று போனால் கதவு சாத்தியிருக்கும். அந்த விதி மோனிகாவுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். மற்ற மூன்று பேரும் லிவர்பூலிலேயே பிறந்தவர்கள். மார்ட்டின் ஒருவர்தான் கடல் தாண்டி வந்தவர்.

"சொல்லு. அப்போ இது யாரோடது?"

"அவருக்கு முன்னாடி பொறந்த மார்ட்டினோடது. எட்டு மாசத்துல இருமல் கண்டு போயிட்டான். அப்புறம் பொறந்த பையனுக்கும் அதே பேரை வெச்சுட்டாங்க. அவங்க ஊர் வழக்கம் தெரியும்ல. மூத்தவனுக்குத் தாத்தன் பேரு. மூத்தவன் போயிட்டா அடுத்தவனுக்கு."

"சரி. அப்போ அடுத்தவனோட சர்ட்டிஃபிகேட் அங்கேயே எங்கேயாவது இருக்கும். தேடி எடுத்துக்கிறேன்."

"அங்கே இல்லே."

"ஏன் இல்லே?"

"அவர் பொறந்தது ஸ்காட்லாந்துல. உருளைக்கிழங்கு தோண்டுறதுக்குக் கூட்டமாப் போவாங்கல்ல, அந்தப் பருவத்துல. பண்ணைக்காரன் மாட்டுக் கொட்டகையைத்தான் படுக்க விட்டிருக்கான். அங்கேயே பொறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, பருவம் முடிஞ்சதும் சால்வையில சுத்தித் தீவுக்குக் கொண்டுபோனாங்களாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு, செப்டம்பர்."

மோனிகா எழுந்து அடுப்பை அணைத்தாள். அது அணைந்துதான் இருந்தது.

"யாரு சொன்னா?"

"அவரேதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதுல இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தாரே, அப்போ."

"எனக்கு ஏன் சொல்லலே?"

"நீ கேக்கலே."

"பதினோரு மாசம், லியோ. வாராவாரம் இந்த நாற்காலியில உக்காந்து சாப்பிட்டே. ஒவ்வொரு காகிதமா வந்து சேர்றதைப் பார்த்தே."

"கிடைக்காதுன்னு நினைச்சேன். தேடிப் பார்த்துட்டு நீயே விட்டுடுவேன்னு நினைச்சேன். கிடைச்சிடுச்சு."

அப்போதுதான் மோனிகாவுக்குக் கோபம் முழுதாக வந்தது. அவள் குரல் உயரவில்லை. உயராததுதான் லியோவுக்கு பயமாக இருந்தது.

"நான் போயிட்டா திங்கட்கிழமை உனக்குச் சாப்பாடு போட ஆளில்லே. அதானே?"

"அது இல்லே, ராணி."

"ராணின்னு கூப்பிடாதே. நாளைக்கு ஃபாதர்கிட்டே கையெழுத்து, நாளன்னிக்குத் தபால். அதுக்கு முந்தின நாள் உனக்கு ஒரு மாட்டுக் கொட்டகை ஞாபகம் வருது."

லியோ தொப்பியை எடுத்துக்கொண்டார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. அவர் பாதியில் எழுந்து மோனிகா பார்த்ததில்லை.

மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல் மகள் கிளேர் தொலைபேசியில் வந்தாள். பிரான்ஸில், நான்த் நகரத்தில் அப்போது ஏழு. ஒடீலைக் குளிப்பாட்டி உட்காரவைக்கும் நேரம். நாலு வயதுப் பேத்தி திரையில் ஈரத் தலையோடு வந்து நின்று, பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு ஓடினாள்.

"என்ன சொல்றா?"

"உன் மூக்கு பெரிசா தெரியுதாம். போனை இவ்வளவு கிட்ட வெச்சுக்காதேம்மா. கேளு, கட்டிலை ஜன்னல் பக்கத்துல போட்டாச்சு. சுவருக்கு மஞ்சள் அடிச்சாச்சு. உன் ரூம் தயார்."

"மஞ்சளா?"

"உனக்குப் பிடிக்குமேன்னு."

"பிடிக்கும்."

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதிலிருந்து மோனிகா அங்கே தொண்ணூறு நாள் இருக்கலாம். பிறகு தொண்ணூறு நாள் வெளியே இருக்கவேண்டும். நீண்டகால விசா கேட்டுப் பார்த்தாகிவிட்டது, அவளுடைய பென்ஷனுக்கு அது எட்டவில்லை. தொண்ணூறு நாளில் ஒடீல் அவளோடு ஆங்கிலத்தில் பேசக் கற்றுக்கொள்வாள், மடியில் ஏறுவாள், தூங்கும்முன் அவள் காதைப் பிடித்துக்கொள்வாள். அடுத்த முறை போகும்போது அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்ப்பாள். மறுபடி முதலிலிருந்து. போன முறை அந்தக் காதைப் பிடிக்கும் பழக்கம் திரும்பவே இல்லை.

அயர்லாந்து இன்னும் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. ஐரிஷ் பாஸ்போர்ட் இருந்தால் நாள் எண்ண வேண்டாம்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மோனிகா பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். விண்ணப்பத்திலும் புகைப்படங்களின் பின்புறத்திலும் அவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். ஃபாதர் எமேக்கா நைஜீரியாவிலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பங்கில் அவரைவிட நன்றாகப் பாடுகிறவர் இல்லை என்பதால் அவருடைய நீளமான பிரசங்கத்தை எல்லோரும் மன்னித்திருந்தார்கள்.

"இது நீங்கதானா? முறைக்கிறீங்களே."

"சிரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, ஃபாதர்."

"அப்போ ரொம்ப நல்லாக் கீழ்ப்படிஞ்சிருக்கீங்க." கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இது வந்துட்டா ஏர்போர்ட்ல சின்ன வரிசையில நிக்கலாம். நான் நிக்கிற வரிசையிலேருந்து உங்களுக்குக் கை காட்டுறேன்."

மோனிகா சிரித்தாள். சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி வாய்வரை வந்தது. அதற்குள் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளை உறையை நீட்டினார்.

"உங்க நவம்பர் உறை இன்னும் வரலே. வருஷா வருஷம் முதல்ல வர்றது உங்களோடதுதானே."

நவம்பர் இறந்தவர்களின் மாதம். வீட்டில் போனவர்களின் பெயர்களை எல்லாம் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தால் மாதம் முழுக்கப் பீடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பிறகு அம்மா. அம்மாவுக்குப் பிறகு மோனிகா. பார்த்து எழுதுவதற்கு ஒரு பழைய தாள் உண்டு, அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் நாலாக மடித்தது. அது எப்போதும் அவள் கைப்பையில்தான் இருக்கும்.

கோயிலில் யாரும் இல்லை. கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சு, கணவன் டெரி உயிரோடு இருந்தபோது இருவரும் உட்காரும் இடம். மோனிகா தாளை விரித்து எழுத ஆரம்பித்தாள். ஜான் லாவெல். ஹோனர் லாவெல். போரில் போன இரண்டு மாமாக்கள். பாட்டி. பெயர்கள் கை பழகினவை, பார்க்காமலே எழுதக்கூடியவை. தாளில் கடைசிப் பெயர் மார்ட்டின் லாவெல்.

எழுதிவிட்டு நிமிர்ந்தவள் மறுபடி தாளைப் பார்த்தாள்.

தாத்தா போன பிறகு அவர் பெயரை அம்மா சேர்த்திருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். நினைத்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. வேறு மாதிரி இருக்கும் என்று தோன்றியதே இல்லை. ஆனால் அம்மா கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், எழுத்து வலப்பக்கம் சாய்ந்து ஓடும். இந்தத் தாளில் மேலிருந்து கீழ்வரை ஒரே கைதான். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் மேல் எழுதிப் பழகிய தாத்தாவின் பெரிய சதுர எழுத்துகள். அதே நீலப் பென்சில். கடைசிப் பெயரும் அப்படியே.

உயிரோடு இருந்த மனிதர் தன் பெயரைத் தானே இறந்தவர்களோடு எழுதிவைக்க மாட்டார்.

அவர் எழுதியது தன் அண்ணனை. முகம் பார்க்காத, எட்டு மாதத்து அண்ணனை. அப்படியானால் தாத்தாவின் பெயரை யாரும் எழுதவில்லை. அவர் போன எண்பத்தொன்றிலிருந்து ஒரு நவம்பரில்கூட. அம்மாவும் எழுதவில்லை, தானும் எழுதவில்லை. இரண்டு பேரும் ஒரு பெயரை எழுதிவிட்டு அவர்தான் என்று மண்டியிட்டு ஜெபித்திருக்கிறார்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்ப அவளே எழுதிய ஒரு கடிதமும் பையில் இருந்தது. தாத்தாவின் திருமணச் சான்றிதழில் வயது மூன்று வருஷம் குறைவாக இருப்பதற்கு விளக்கம். துறைமுகத்தில் ஆளெடுக்கும் மேஸ்திரிகள் இளைஞர்களையே பொறுக்குவார்கள், அதனால் வேலைக்காக எல்லோரும் வயதைக் குறைத்துச் சொல்வது வழக்கம், என் தாத்தாவும் அப்படியே என்று. வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை அது. பொய்க்கார மார்ட்டின் என்று பாட்டிகூடக் கூப்பிட்டிருக்கிறாள். மனிதர் கடைசிவரை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

மோனிகா பேனாவை எடுத்து, மார்ட்டின் லாவெல் என்பதற்குக் கீழே இன்னொரு மார்ட்டின் லாவெல் எழுதினாள். அதற்குக் கீழே, வருஷா வருஷம்போல், அம்மாவையும் டெரியையும். உறையை ஒட்டினாள். நவம்பர் பெட்டியில் போடும்போது உள்ளே தொம்மென்று சத்தம் கேட்டது. இந்த வருஷமும் அவளுடையதுதான் முதல் உறை.

புதன்கிழமை ஐந்தரைக்கு வாசலில் லியோ நின்றார். திங்கட்கிழமை அல்லாத ஒரு நாளில் அவரைப் பார்க்க அவள் பழகியிருக்கவில்லை.

"மணியடிக்கலாம்ல. எவ்வளவு நேரமா நிக்கிறே?"

"இப்பத்தான்."

தொப்பியும் தோளும் நனைந்திருந்தன. மழை விட்டு அரைமணி ஆகியிருந்தது.

"உள்ளே வா. காலைத் துடைச்சுக்கிட்டு வா."

அவர் உட்காரவில்லை. மேசையின் அந்தப் பாதியைப் பார்த்தார். பெரிய பழுப்பு உறை, விலாசம் எழுதி, வாய் திறந்தபடி.

"அனுப்பிடு," என்றார். "நான் சொன்னதை மறந்துடு. எழுபத்துநாலு வயசுக் கிழவன் எதையோ உளர்றான். அவங்க எதையும் தோண்டிப் பார்க்கப் போறதில்லே. பேரு சரியா இருக்கு, அப்பா அம்மா பேரு சரியா இருக்கு."

"நீ சொன்னது நிஜம், லியோ."

"நிஜம்னு யாருக்குத் தெரியும்? எனக்கும் உனக்கும். நான் இன்னும் எத்தனை நாளைக்கு?"

"தாத்தா எழுதின தாளைப் பார்த்தேன்."

லியோ தொப்பியைக் கழற்றினார். "சாப்பாட்டுக்காகத்தான் சொன்னேன்னு நீ சொன்னதும் தப்பில்லே," என்றார். "வீட்டுக்குப் போய் யோசிச்சேன். நாலு நாளா ஒருத்தர்கூடவும் பேசாம திங்கட்கிழமை இங்கே வந்து வாயைத் திறந்தா, குரலே ஒடைஞ்சு வருது. அதுக்காக நீ போகாம இருக்கணுமா? நான் டப்பா சூப்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்குவேன். டெரி ஒரு டப்பாத் திறப்பான் குடுத்திருந்தான், இன்னும் நல்லாத்தான் இருக்கு. நீ கெளம்பு, ராணி."

மோனிகா பழுப்பு உறைக்குள் கைவிட்டு அந்தப் பிறப்புச் சான்றிதழை மட்டும் வெளியே எடுத்தாள். முத்திரை விரலில் மேடாகத் தட்டுப்பட்டது.

"இந்தப் பையன் எட்டு மாசம் இருந்தான். நடந்திருக்க மாட்டான். பேரையும் தம்பிக்குக் குடுத்துட்டாங்க. அவன் இருந்தான்கிறதுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் நான் எடுத்துக்கிட்டா அவனுக்குன்னு என்ன இருக்கு?"

"மோனிகா, உசுரோட இருக்கிற கொழந்தை ஒண்ணு அங்கே இருக்கு."

"தெரியும்."

"அதுதான் உன் காதைப் பிடிச்சிக்கிட்டுத் தூங்கும்னு சொல்லுவே."

"தெரியும், லியோ. தொப்பியைச் சூடா இருக்கிற ரேடியேட்டர் மேல வை. ஈரம்."

அவர் வைத்தார். அவள் சான்றிதழை நாலாக மடித்தாள். பதினோரு மாதமாக மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் உறையில் காத்துவந்தது. ஜெபப் புத்தகத்தைத் திறந்து தாத்தாவின் தாளுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். தொலைபேசி ஆறு மணிக்கு மேசையில் அதிர ஆரம்பித்தது. மூன்று முறை அதிர விட்டு, பிறகு எடுத்து, மூக்கு பெரிதாகத் தெரியாத தூரத்தில் பிடித்துக்கொண்டாள். திரையில் மஞ்சள் சுவர், ஜன்னல், கட்டிலின் மேல் ஈரத் தலையோடு ஒடீல். கிளேரின் முகம் வருவதற்குமுன் குரல் வந்தது.

"அம்மா, போஸ்ட் ஆபீஸ் மூடுறதுக்குள்ளே போயிட்டியா?"