மூன்று புள்ளி, ஒரு பிறை

எங்கள் நகரத்தில் நிழலை இஸ்திரி போட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். கசங்கிய நிழல் ஓரம் பிதுங்கிப் பக்கத்துச் சூரியத் தகடுகளின் மேல் விழுந்துவிடும். மின்சாரம் வீண். நல்ல விதி. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்து சட்டைகளோடு என் நிழலையும் மாராத்தாளிடம் போட்டுவிடுவேன்.

மாராத்தாள் எங்கள் குடியிருப்பு வாசலில், புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். பதினேழு வருடமாக அதே மரம், அதே வண்டி. ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. வீட்டுக்கு ஒரு சலவைக் குறி வைத்திருக்கிறார். சேங்கொட்டை மையால் ஓரத்தில் போடுவார். என் குறி மூன்று புள்ளி, ஒரு பிறை.

முன்பெல்லாம் அவருடைய இஸ்திரிப் பெட்டியில் கரி எரியும். எங்கள் குடியிருப்பின் செயலாளர் தெய்வசிகாமணி சூரியத் தகடாக மாறிய பிறகு கரிக்கு வேலை இல்லை. போன தை மாதம் மாறினார். வண்டி நிறுத்தும் கொட்டகையின் மேல், தெற்குப் பார்த்து, பதினோரு டிகிரி சாய்வாகப் படுத்திருக்கிறார். மனிதராக இருந்தவரை லிஃப்டுக்கு ஒரு பல்பு மாற்றித் தராதவர். இப்போது லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாராத்தாளின் பெட்டி எல்லாம் அவர் புண்ணியத்தில்தான் ஓடுகின்றன. காலையில் அவர் மனைவி ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

ஒரே ஒரு சங்கடம். எட்டு மணிக்கு மேல் புங்க மரத்தின் நிழல் செயலாளரின் நெஞ்சில் விழும்.

"மூச்சு முட்டுதுங்க," என்பார் செயலாளர். லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றுவிடும். பெட்டி ஆறிவிடும்.

திங்கட்கிழமை பசுமைக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மரத்தின் பெயருக்கு வந்திருந்ததால் மரத்திலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் நிழலைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் வெட்டப்படுவீர்கள் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தது.

மாராத்தாள் அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"மரம் இருந்தாப் பொட்டி சுடறதில்லீங்க சார். மரம் போச்சுன்னா மண்டை சுடுமுங்க. இந்த வயசுல வேற எடம் பார்த்துப் போக என்னால ஆகாதுங்க."

அவரோடு அலுவலகத்துக்குப் போனேன். அந்த அலுவலகத்தின் நடைவழி மதியம் பன்னிரண்டு மணிக்கு நாலே அடி இருக்கும். பொழுது சாயச் சாய நீளும். நாங்கள் நாலரைக்குப் போய்விட்டோம். அது ரயில் நிலையம்வரை போயிருந்தது. வழியில் இரண்டு பேர் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் நிர்வாகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அத்தனை நீளத்துக்கும் ஒரு விளக்குகூட எரியவில்லை. சுவருக்குச் சுவர் கண்ணாடி வைத்து, வெயிலைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி மேசைவரை கொண்டுவந்திருந்தார்கள்.

கடைசி மேசையில் அதிகாரி குழந்தைவேலு பெடல் மிதித்துக்கொண்டிருந்தார். அவர் மிதித்தால்தான் அவர் குரல் கேட்கும்.

"மரம் வந்திருக்குதா?"

"இல்லீங்க. நான் வந்திருக்கறனுங்க," என்றார் மாராத்தாள்.

"நீங்க மரத்துக்கு என்ன வேணும்?"

"அடியில நிக்கறனுங்க."

எழுதிக்கொண்டார்.

"வெட்டாம விட வழியே இல்லீங்களா?" என்று கேட்டார் மாராத்தாள்.

"இருக்குது. நிழலு மெலியோணும். ஒன்றரை அடி அகலத்துக்கு மேல ஆகாது."

"மனுசங்களுக்கும் அதே அளவுதானுங்களா?"

"மனுசனுக்கு அளவு கெடையாது. மனுசன் நகருவான். நகர்ற நிழலு எங்க பிரிவுல வராது."

மிதிப்பதை நிறுத்திவிட்டார். உதடுகள் இன்னும் கொஞ்சநேரம் அசைந்தன. எதுவும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மாராத்தாள் கொஞ்சம் பின்தங்கி நடந்தார். என் தோள்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தடவை பார்த்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து பையோடு வந்த என்னை வாசலில் நிறுத்தி என் நிழலைக் கேட்டார்.

"முட்டிக்கிட்டக் கசங்கிக் கெடக்குதுங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை போட்ட மடிப்பு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் கழற்றிக் கொடுத்தேன். அவர் கேட்டு நான் இல்லையென்று சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவடியில் பொட்டலம் கிடந்தது. செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டியிருந்தது. தூக்கினேன். கனத்தது. கூடத்தில் வைத்துப் பிரித்தேன். நிழல் மடிப்பு மடிப்பாக விரிந்து சோபா, பீரோ, சமையலறை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வாசற்படியைத் தாண்டிப் போயிற்று. ஓரமெல்லாம் இலைகள் அசைந்தன. வீடு குளுகுளுவென்று ஆகிவிட்டது.

என் மனைவி கோகிலா மின்விசிறியை அணைத்தாள்.

"இனி இது எதுக்குங்க," என்றாள்.

பையை மாட்டிக்கொண்டு கீழே ஓடினேன். நிழல் படிக்கட்டில் சரசரத்துக்கொண்டே என் பின்னால் வந்தது.

வாசலில் ரம்பத்தோடு இரண்டு பேர் நின்றார்கள். புங்க மரம் எப்போதும்போல் நின்றது. அதன் காலடியில், தோளில் பை தொங்க, ஒல்லியாக என் நிழல் விழுந்திருந்தது. செயலாளர்மேல் ஒரு பொட்டுகூடப் படவில்லை. முழு வெயிலில் மாப்பிள்ளைபோல் மின்னிக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு குனிந்து டேப்பால் அளந்தார். பிறகு தன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு ஏறி, நின்ற இடத்திலேயே மிதித்தார்.

"ஒன்றரை அடி. சரியா இருக்குது. ரம்பத்தை எடுத்துட்டுக் கெளம்புங்க."

அப்போதுதான் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த என் நிழலைப் பார்த்தார்.

"நீங்க நகருவீங்களா?"

ஒரு எட்டு நகர்ந்து காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாராத்தாள் ஒரு வேட்டியை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நிழலு மாறிப் போச்சுங்க," என்றேன்.

"பதினேழு வருசத்துல ஒரு கைக்குட்டை மாறுனதில்லீங்க," என்றார், தலை நிமிராமல்.

குனிந்து, என்னோடு வந்திருந்த மரத்தின் நிழலை ஓரமாகப் புரட்டிப் பார்த்தேன். மூன்று புள்ளி, ஒரு பிறை. மை இன்னும் காயவில்லை.

என்னை இத்தனை பெரிய காரியத்துக்கு இதுவரை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. பெட்டி நன்றாகச் சுட்டது. மாராத்தாளின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"ஒரு எட்டு இந்தப் பக்கமா வந்து நில்லுங்க சார்," என்றார். "அந்தப் பக்கம் வேண்டாம். செயலாளருக்கு மூச்சு முட்டும்."

வந்து நின்றேன். வண்டியின்மேல் நிழல் விழுந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த துணியை எடுத்தார்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. வெயில் நகர நகர நானும் ஒவ்வோர் எட்டாக நகர்ந்துகொண்டிருந்தேன். மறுநாளும் அப்படித்தான்.