சனிக்கிழமை பாட வேண்டியவள்

12.06.1962, செவ்வாய், ஹட்டன்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. ஹார்ப்சிகார்டை இந்தக் காலத்துச் சுருதியிலிருந்து ஒரு முழுச் சுரம் இறக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அரைச் சுரம்தான். பிழையை இன்று தந்திகளை இளக்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன். மறுபடி முறுக்கும்போது கீழ்த் தந்தி ஒன்று அறுந்துபோனது. இந்த வேலைக்கு நான் சரியான ஆள்தானா என்று வழக்கம்போல் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததில் அந்த யோசனையெல்லாம் பறந்துவிட்டது.

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

எங்கள் மாலை வகுப்பில் படிப்பது பழைய ஐரோப்பிய இசை. அது பிறந்த காலத்தில் எப்படி வாசித்தார்களோ அப்படியே வாசிக்க வேண்டும் என்பது துரைராசா மாஸ்டரின் கொள்கை. யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாகப் படித்தவர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரை தன் ஹார்ப்சிகார்டையும் இரண்டு மரக்குழல்களையும் வகுப்புக்கு விட்டுப்போனார். ஹார்ப்சிகார்ட் பியானோவுக்கு முந்தியது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஓர் இறகுமுனை தந்தியைச் சுண்டும். பனி இறங்கினால் சுருதி கலையும். ஹட்டனில் பனி இறங்காத நாள் ஏது? சுருதி சேர்ப்பதும் வாசிப்பதும் என் பொறுப்பு. குழல் வாசிப்பவர் மாஸ்டரின் பாடசாலையிலேயே படிப்பிக்கும் சரோஜாதேவி டீச்சர்.

சனிக்கிழமை கச்சேரி. முக்கியமான உருப்படி இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு ஜெர்மன் கிறிஸ்தவக் கோயில் பாட்டு. பாடுகிறவள் பூரணி. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். வேலை முடிந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் நடந்து வருவாள். முதலில் இந்தக் காலத்துச் சுருதியில் பாடியபோது உச்ச இடத்தில் அவள் குரல் கத்தலாகிவிட்டது. பழைய சுருதி அரைச் சுரம் கீழே என்று மாஸ்டர் சொல்லி, நான் இறக்கிக் கொடுத்ததும், அதே இடத்தில் குரல் விரிந்து நின்றது. அன்று மாஸ்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்று அதே மாஸ்டர் எழுந்து சொல்கிறார்: “நான் புத்தகத்தைத் திருப்பி வாசிச்சுப் பார்த்தனான். அந்தக் காலத்திலை அந்தக் கோயிலுகளுக்குள்ளை பொம்பிளையள் பாடேல்லை. ஆம்பிளையள் கள்ளக்குரலிலை பாடினவை. ஆனபடியால் சனிக்கிழமை நானே பாடுறன்.”

பூரணி சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அந்தக் காலத்துல கரண்டு இருந்துச்சாங்க சார்?”

“இல்லை. அதுக்கென்ன?”

“அப்ப மொதல்ல அந்த பல்ப அமத்துங்க. பெறகு என்னைய அமத்தலாம்.”

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டின் முதல் அடியைக் கள்ளக்குரலில், பெண்குரல்போல் உயர்த்தி, பாடிக் காட்டினார். மோசமில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் உச்ச இடத்தைத் தொட்டும் தொடாமலும் தாண்டிப் போனார்.

“சரிங்க சார், அப்ப சரோஜாதேவி டீச்சர் குழல் வாசிக்கிறாங்களே, அது?” என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

“அவ ரீச்சர்.”

“ரீச்சர்னா பொம்பள இல்லைங்களா?”

மாஸ்டர் என் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார். “சின்னராசா, விளங்காத மாதிரிக் கதையாதையும். துரைமார் குடும்பத்தோடை வந்து முன்வரிசையிலை இருப்பினம். தங்கடை தோட்டத்திலை கொழுந்தெடுக்கிற பெட்டை முன்னுக்கு நிண்டு பாடினா என்ன நினைப்பினம்?”

பூரணிக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. சரோஜாதேவி டீச்சர் குழலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த குழல்.

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். எதுக்குச் செத்துப்போன ஜெர்மன்காரன இழுக்குறீங்க?” என்றேன். “பூரணி பாடலைன்னா நான் வாசிக்க மாட்டேன்.” மூடியைப் படாரென்று சாத்தினேன்.

“வாசிக்காட்டி விடும். நுவரெலியாவிலை ஆள் இருக்கு.”

வெளியே வந்துவிட்டேன். பழைய முறைதான் அவளுக்கு அந்தப் பாட்டைக் கொடுத்தது. அதே பழைய முறையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பிடுங்குகிறார். இறக்கிய சுருதி வேண்டும், இறகுமுனை வேண்டும், குழல் வேண்டும். அவள் மட்டும் வேண்டாம். எரிகிறது.

பூரணி பின்னாலேயே ஓடி வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

“ஒங்கள யாருண்ணே வாசிக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னது?”

“நீ பாடாம நான் எப்படி...”

“நீங்க மூடியச் சாத்திட்டு வந்துட்டீங்க. ஒங்க கோவம் ஆறிப்போச்சு. நான் எத வச்சுப் பாடுறது? தகர டப்பாவையா?” மழையில் நின்று கத்தினாள். “எனக்குச் சனிக்கெழம பாடணும். அந்தத் துரைமாரு மூஞ்சிக்கு நேரா நின்னு பாடணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“என்னை வேண்டாம்னுட்டாரே. நுவரெலியாக்காரர் வந்துருவாரு.”

“வரட்டும். டீச்சர் கொழலுக்கு நுவரெலியாவுல ஆள் இருக்கா?”

இல்லை. அந்தப் பாட்டு முழுக்கக் குரல் ஓர் அடி பாடும், குழல் பதில் சொல்லும். குழல் இல்லாவிட்டால் மாஸ்டருக்கும் பாட்டு இல்லை.

“அவங்க வாசிக்க மாட்டேங்கணும்,” என்றாள் பூரணி. “அது நடந்தா மாஸ்டர் எறங்கி வருவாரு. நான் போய்க் கேக்குறேன்.”

“அவங்க இன்னைக்கு ஒரு வார்த்தை பேசலையே, பூரணி.”

“யாரும் கேக்கல. நீங்ககூட அவங்களக் கேக்கல, மாஸ்டரத்தான் கேட்டீங்க.”

உண்மைதான். டீச்சர் சம்மதிப்பாரா என்பது சந்தேகம். அவரும் மாஸ்டரும் ஒரே ஊர், ஒரே பாடசாலை. பூரணிக்கு அந்தச் சந்தேகம் இல்லை, அல்லது என்னிடம் காட்டவில்லை. நாளை பெரட்டுக்கு, விடிகாலை ஆளெடுப்புக்கு, போகப்போவதில்லை என்றாள். ஒரு நாள் பேரும் அதற்கான கூலியும் போய்விடும், கங்காணியிடம் ஏச்சும் விழும்.

நாளை: பாடசாலை மணிக்கு முன்பே அதன் பெரிய கேட் வாசலில் பூரணியுடன் நிற்க வேண்டும். டீச்சரிடம் பேச வேண்டியவள் அவள். நான் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு வகுப்பு நடக்கும் மண்டபத்துக்குப் போய், அறுந்த தந்தியை மாற்றி, அவளுடைய சுருதியில் சேர்க்க வேண்டும்.