பதினேழாம் நம்பர் மருந்து

1

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நானும் அப்படித்தான் கெட்டேன். எங்கள் பகுதி விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு மலர் போடுகிறோம், நல்லரத்தினம் என்ற உயிர் இரசாயனவியலாளரின் ஆராய்ச்சி வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்று ஒரு சங்கத்துச் செயலாளர் கேட்டார். ஆள் யாரென்று விசாரிக்க முதலே ஓம் என்றுவிட்டேன். அவர் அனுப்பிய குறிப்பில் மூன்று வரிதான் இருந்தது: பிறந்தது மட்டக்களப்புப் புளியந்தீவு. படித்தது லண்டன். 1943இல் காய்ச்சலுக்கான பதினேழாம் நம்பர் மருந்தை ஒரு நோயாளியில் சோதித்தார்.

அவ்வளவுதான். அந்த நோயாளி பிழைத்தாரா, மருந்து என்னவாயிற்று, ஒன்றும் இல்லை. உயர்தரப் பரீட்சையில் இரசாயனத்துக்கு எஃப் எடுத்த என்னிடம் கொடுத்தால் இதை வைத்துக் கட்டுரையா எழுதுவேன்? கதைதான் எழுதுவேன்.

முதல் ஆரம்பம்:

மட்டக்களப்பு வாவியின் மேல் நிலவு எழுந்தபோது மீன்கள்—

(வெட்டினேன். எங்கள் வாவியின் பாடும் மீன்கள் எல்லாருடைய கதையிலும் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கின்றன. இதில் ஓய்வெடுக்கட்டும்.)

இரண்டாம் ஆரம்பம்:

செங்குருதிக் கலத்தினுள் புகும் ஒட்டுண்ணியின் அனுசேபம் யாதெனில்—

(யாதெனில், எனக்குத் தெரியாது.)

மூன்றாவதை வைத்துக்கொள்வோம். ஜாவா யப்பான்காரன் கையில் விழுந்த பிறகு எங்கள் ஊருக்குக் காய்ச்சல் மருந்தான கொயினா வருவது நின்றுபோனது. முறைக்காய்ச்சல் என்ற மலேரியா மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாமல் வந்தது. வாவிக்கு அக்கரையில் வவுணதீவு வயல் வட்டைகளில் நெல் விளைந்து நின்றது, அறுக்க வேண்டியவர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல்லை நறநறத்துக்கொண்டு கிடந்தார்கள்.

2

நல்லரத்தினத்துக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. புளியந்தீவில் ஒரு கடைக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்து, ஏழிலைப்பாலை மரத்துப் பட்டையை அவித்து, வடித்து, அதிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்கப் பாடுபட்டான். (பாடுபட்டார் என்று எழுதச் செயலாளர் சொல்வார். அந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால் அவரும் 'ன்' போட்டிருப்பார்.) யுத்தகாலத்தில் நல்ல ஸ்பிரிட் கிடைக்காததால் சாராயத்தில் ஊறப்போட்டான். முதலாவது மருந்து கறுத்தது. ஒன்பதாவது பானையை ஓட்டையாக்கியது. பதினேழாவதுதான் வெள்ளைத் தூளாக வந்தது. காய்ச்சல் கண்ட ஆறு கோழிகளுக்குக் கொடுத்ததில் ஐந்து எழுந்து நடந்தன. ஆறாவதை வீட்டுக்காரர் கறி சமைத்துவிட்டதால் அதைப்பற்றி விஞ்ஞான முறையில் எதுவும் சொல்ல முடியவில்லை.

இந்த நேரத்தில், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் ஒரு மனிதரையாவது குணப்படுத்திக் காட்டித் தந்தி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கூடத்தை மூடிவிட்டுக் கொழும்புக்கு வந்து பாடம் நடத்த வேண்டும்.*

நல்லரத்தினம் வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டான்:

மருந்துப் பரிசோதனைக்கு ஆட்கள் தேவை. மூன்று வேளை போதும். பலன் நிச்சயம்.

ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்வது! பன்னிரண்டு வருடம் லண்டனில் இருந்ததில் சொந்த ஊர்ப் பேச்சின் உள்ளர்த்தம் மறந்துபோயிற்று. எங்கள் பக்கத்தில் மருந்து என்பது இருமலுக்குக் குடிப்பது மட்டுமல்ல. 'அவனுக்கு மருந்து குடுத்திட்டாங்க' என்றால், சோற்றிலோ தேத்தண்ணியிலோ எதையோ கலந்து ஆளை வசியம் பண்ணி, கலியாணம் கட்டித் தங்கள் பாயோடு ஒட்டவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வெளியூர்க்காரர் எங்கள் ஊரில் பச்சைத்தண்ணி குடிக்கவும் பயப்படுவது இதனால்தான்.

முதலில் வந்தவர் காத்தான்குடிப் புடவை வியாபாரி ஆதம்பாவா.

"டொக்குத்தரையா, மருந்து இரிக்காமே?"

"இரிக்கு. உங்களுக்குக் காய்ச்சலா?"

"எனக்கென்னத்துக்குக் காய்ச்சல்? எண்ட பொண்டாட்டி என்ன ஊட்டால எழுப்பிட்டா. ஊடு அவட சீதன ஊடு, நான் என்ன கதைக்கிற? ரெண்டு கிழமையா கடைக்குள்ளதான் படுக்கன். இத தேத்தண்ணில போட்டா தெரியுமா?"

"நடுங்குறாவா?"

"அவ எங்க நடுங்குற? நான்தான் நடுங்குறன்."

"கசக்கும். குடிப்பாவா?"

"எங்கட கலியாணத்த விடவா கசக்கும்?"

நல்லரத்தினம் விளங்காமல் விழித்தான். அந்தக் கிழமை முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. காய்ச்சல்காரர்களோ அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போனார்கள்.

* ஒரு நோயாளி போதுமா என்று மருத்துவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். எனக்கும் போதாது என்று தெரியும். இரண்டாவது நோயாளிக்கு இந்தக் கதையில் இடமில்லை.

3

கதாநாயகி புஸ்பத்தை முதலில் வெட்கம் பிடித்தவளாகத்தான் எழுதினேன். 'நிலம் பார்த்து நின்றாள்' என்றுகூட ஒரு வரி—

எடுபடவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கும் ரீச்சர் எதற்கு நிலத்தைப் பார்க்கிறாள்? வகுப்பில் பாதிப் பேர் நடுங்கிக் கிடக்க, மீதிப் பேருக்குப் படிப்பித்தாள். பிள்ளைகளுக்குக் காட்ட லிட்மஸ் தாள் கேட்டு இரண்டு முறை நல்லரத்தினத்திடம் வந்திருக்கிறாள். இரண்டு முறையும் அவன் ஒரு வசனமும் முடிக்கவில்லை. சுற்றி வளைப்பானேன், அவனுக்கு அவள் மேல் உயிர். அதை அவளிடம் சொல்வதைவிட இன்னும் பதினேழு மருந்து காய்ச்சுவது அவனுக்குச் சுலபம்.

பிறகு அவளுக்கும் காய்ச்சல் வந்தது. நல்லரத்தினம் தூளைத் தண்ணீரில் கரைத்து, மூன்று சின்னப் போத்தலோடு அவர்கள் வீட்டுக்கு ஓடினான். வாசலில் புஸ்பத்தின் தாய் ஆச்சிப்பிள்ளை மறித்தாள்.

"குமர்ப்பிள்ள குடிக்கிற மருந்தா இது? கொண்டு போங்க தம்பி! ஊர் சிரிக்கும்."

"இ... இது காய்ச்சலுக்கு..."

"ஓம் ஓம், எல்லாரும் அப்படித்தான் சொல்லிக் குடுக்கிற."

உள்ளே போர்வைக்குள்ளிருந்து நடுங்கும் குரல் வந்தது. "அம்மா, எனக்கு மருந்து போடுறண்டா அந்த மனிசன் முதல்ல ஒரு கதைய முழுசாக் கதைக்கப் பழகட்டும். யன்னல்ல வச்சிட்டுப் போகச் சொல்லுங்க. குடிக்கிறதும் வெளிய ஊத்துறதும் என்ட பாடு."

போத்தல்களை யன்னலில் வைத்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் போனபோது மூன்றும் வெறுமையாக இருந்தன. யன்னலுக்கு வெளியே நிலம் ஈரமாக இருந்தது. ஆனால் அன்று காலை மழையும் பெய்திருந்தது. (இந்த மழையை நான் வேண்டுமென்றே பெய்யவைத்தேன்.)

4

காய்ச்சல் வரவேண்டிய நாளில் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை.*

மாதக் கடைசி நாள் மத்தியானம் புஸ்பம் தன் காலால் நடந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தாள்.

"அம்மாட்ட வந்து கேளுங்க."

"எ... என்னத்த?"

"என்னத்தான்."

நல்லரத்தினத்துக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. வாய் வராதவன் கை மட்டும் பழக்கத்தில் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதியது: நோயாளியிடம் கண்ட மாற்றங்கள். ஒன்று, காய்ச்சல் நின்றது. இரண்டு, பசி எடுத்தது. மூன்று, கலியாணம் கேட்டார்.

மூன்றாவதை எழுதிய கை நின்றது. அவனுக்கு வசியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மருந்துக்குப் பின் தெரிந்த எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் லண்டனில் படித்திருந்தான்.

* முறைக்காய்ச்சல் சிலருக்கு மருந்தில்லாமலே விட்டுப்போவதுண்டு. இதை இப்போது சொல்வதற்காக என்னைத் திட்டுங்கள்.

5

பின்னாலேயே ஆச்சிப்பிள்ளை வந்துவிட்டாள்.

"ஒரு கேள்விதான் தம்பி. இவள் உங்கட மருந்தக் குடிச்சிரிந்தா இது மருந்து வேல. கலியாணம் இல்ல. குடிக்காம உங்களக் கேட்டாளெண்டா, அது அவள்ற மனசு. நாளைக்கே நாள் பாப்பம்."

பாருங்கள், எவ்வளவு அழகாக மாட்டிக்கொண்டான்! அவள் குடித்திருந்தால் மருந்து நல்லது. தந்தி போகும், வவுணதீவில் நடுங்குகிறவர்கள் எழும்புவார்கள், அவன் தனியனாக நிற்பான். குடிக்கவில்லை என்றால் புஸ்பம் கிடைப்பாள், மருந்து சோதிக்காமலே கிடக்கும், கூடம் பூட்டு.

அவனைத் தப்பவைக்க நானும் முயன்றேன். புஸ்பம் மருந்தையும் குடித்தாள், அதற்கு முதலே அவனை விரும்பியும் இருந்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். ஆச்சிப்பிள்ளை அதைக் கிழித்துப் போட்டாள். "மருந்து குடிச்சவள்ற சாட்சி எடுபடுமா?" என்றாள். கொழும்புக்குக் 'குடித்தாள்', தாய்க்குக் 'குடிக்கவில்லை' என்று இரண்டாகச் சொல்லவைத்தும் பார்த்தேன். தபால் கந்தோரில் தந்தி அடிக்கிறவர் ஆச்சிப்பிள்ளையின் கூடப்பிறந்த தம்பி. தந்தி கொழும்புக்குப் போக முதல் அடுப்படிக்கு வந்துவிடும்.

நல்லரத்தினம் புஸ்பத்தைப் பார்த்தான். முதல்முறையாக அவளிடம் ஒரு வசனத்தை முழுசாகச் சொன்னான்.

"புஸ்பம், நீங்க அந்த மருந்தக் குடிச்சீங்களா, இல்லையா?"

"வகுப்பில என்ட பிள்ளைகள் இன்னும் நடுங்குதுகள்," என்றாள் புஸ்பம். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "எனக்கு நீங்களும் வேணும். உண்மைய நான் மறந்திட்டன். நீங்க எதச் சொல்றீங்களோ, அம்மாக்கு முன்னால நானும் அதையே சொல்றன். சொல்லுங்க, நான் குடிச்சனா?"

மறந்தேன் என்றது பொய். அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் சொல்லமாட்டேன் என்கிறாள். வாசகரே, நானோ கதை எழுதுகிறவன், இரண்டு பக்கமும் எனக்கு ஆசை. உங்கள் வீட்டில் யாராவது நடுங்கிக் கிடந்தால் நீங்கள் ஒரு பதில் சொல்வீர்கள். புஸ்பம் உங்கள் முன்னால் இப்படி நின்றால் வேறு பதில் சொல்வீர்கள். தந்திக் கந்தோர் நாலு மணிக்குப் பூட்டும், இப்போது மூன்றே முக்கால். அவன் வாயைத் திறந்துவிட்டான். ஒரு சொல்தான் வேண்டும். சுறுக்காச் சொல்லுங்கள்.