மூன்றாவது ஆக்சிஜன் மெஷின்

1

இது கதையாக வேண்டிய விஷயமே இல்லை. தீராத நோயில் படுத்தவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பாலியேட்டிவ் யூனிட்டின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். சாதாரண ஆட்களுக்கு எந்த டேட்டாபேஸ் கருவி ஏற்றது, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு எது ஏற்றது என்பது தலைப்பு. எல்லைக்குக் கேரளப் பக்கம் உதியன்குளங்கரையில் போட்டோஸ்டாட் கடை வைத்துக்கொண்டு அவ்வப்போது கதையும் எழுதுகிறவன் தலையில் இப்படித்தான் எதையாவது கட்டிவிடுவார்கள்.

முதல் வரி: "கணினி யுகத்தில் தரவுகளின் முக்கியத்துவம்..." (வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வருகிறது.)

இன்னொரு முதல் வரி: "லிஜாவின் எக்செல் ஷீட்டில் எதையும் எழுதலாம், நிபினின் டேட்டாபேஸில் அது அனுமதிப்பதைத்தான் எழுத முடியும்." இது பரவாயில்லை. இங்கிருந்து கட்டுரை ஒழுங்காகப் போயிருக்கும். அதற்குள் லிஜா போன் செய்துவிட்டாள்.

2

லிஜா எங்கள் யூனிட்டின் நர்ஸ்.

"அண்ணா, சுகிர்தபாய் அம்மைக்கு மூச்சு முட்டுது. சிலிண்டரு தீரப் போவுது. மெஷின் ஆபீஸில உண்டுன்னு கம்ப்யூட்டரு காட்டுது. வந்து பாத்தா ஒண்ணும் இல்ல."

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் எங்களிடம் மூன்று உண்டு. இரண்டு நோயாளிகளிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவதைத்தான் காணவில்லை. கையில் வேறு சிலிண்டரும் இல்லை. கொல்லயிலில் படுத்திருக்கும் சுகிர்தபாய், "இனி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாதே மக்கா" என்று மகள் நீதுவிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். மெஷின் கிடைக்காவிட்டால் நீது அந்த வாக்கை மீறி ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

[நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். கை சும்மா இருந்தால் பயம் கூடுகிறது.]

3

ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஷீட்டின் நல்ல குணம், லிஜா போனிலேயே அதன் ஓரத்தில், "ராபின்சன் இறந்தார், மெஷினை அவர் மனைவி நேசம் அக்கா சோமன் வீட்டில் கொடுத்திருக்கிறார்" என்று குறித்து வைக்க முடியும். கெட்ட குணம், யாரோ ஒருநாள் பெயர்களை மட்டும் அகரவரிசையில் அடுக்கப்போய், பெயர்கள் நகர்ந்து மற்றவை எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. இறந்தவருக்கு மாத்திரை பாக்கி என்று வந்தது.

அதனால்தான் நிபின் வந்தான். பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் சாப்ட்வேர் எழுதுகிறவன். அவன் கட்டிய டேட்டாபேஸில் வரிசை குழம்பாது, ஒரு மெஷின் இரண்டு இடத்தில் இருக்காது. அருமையான வேலை. ஆனால் எங்கள் ஊரில் நோயாளி போய்விட்டால் மெஷின் ஆபீசுக்குத் திரும்புவதில்லை. அடக்கம் முடிந்ததும் அடுத்து மூச்சு முட்டுகிற வீட்டுக்கு அவர்களே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் இரண்டு மாநிலத்திலும் இருப்பதால் அது எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கும் போகும். நிபினின் படிவத்திலோ எங்கள் ஆபீசும் பஞ்சாயத்து வார்டுகளும் மட்டுமே இருந்தன.

"பின்ன நான் என்ன செய்யது? இடம் போடாம சேவ் ஆவாது. ஆபீஸுன்னு போட்டேன், பிறவு மாத்தலாம்னு. பின்ன மறந்தே போச்சு" என்றாள் லிஜா.

"சேச்சி, எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்றான் நிபின் போனில்.

"நீ கேட்டியா, எலே?"

[இந்த இடத்தில் நிபினை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் இப்போது ரயிலில் நின்றபடி ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். லிஜாவையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை.]

4

நேசம் அக்கா மெஷினைக் கொடுத்த, எல்லைக்கு அந்தப் பக்கத்து சோமன் போனில் கிடைத்தார். "எனக்க அளியனுக்கு, தங்கச்சி மாப்பிளைக்கு குடுத்தேன். அவனுக்கு சுகமாச்சு. அவன் வேற ஆருக்கோ குடுத்திருக்கான். அவிய போன் எடுக்க மாட்டாவ. கேஸ் ஆவுமோன்னு பயம் ஆக்கும், கேரளத்து மெஷின் இல்லியா?"

முடிவு ஒன்று: ஒரு ஆட்டோ வந்து நீது வீட்டு வாசலில் நிற்கிறது, பின் சீட்டில் மெஷின். (ஆசைதான். நடக்காததை எப்படி எழுதுவேன்?)

முடிவு இரண்டு: ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது சுகிர்தபாய் மகளின் முகத்தைப்

முடியவில்லை. இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

5

ஆண்டு மலர் வரட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை. இதை இப்படியே, அரைகுறையாக, எல்லையின் இரண்டு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்புகிறேன். யாரோ தள்ளிவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கும். சிலிண்டரின் முள் சிவப்பில் நிற்கிறது என்று, சுகிர்தபாய் வீட்டுக்குத் திரும்பிப் போன லிஜா இப்போதுதான் சொன்னாள். நீதுவின் கையில் போன் இருக்கிறது. அவள் இன்னும் ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை.

சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி அது. முதுகில் எங்கள் யூனிட்டின் ஸ்டிக்கர் இருக்கும். அது எப்படி எல்லை தாண்டியது என்று ஒருவரும் கேட்க மாட்டோம். உங்கள் வீட்டில் குணமானவர் அறையிலோ, போய்விட்டவர் அறையிலோ துணி போர்த்தி நிற்கலாம். போனவர் அறை என்றால் அதைத் திறப்பது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாசிப்பதை இங்கே நிறுத்திவிட்டு, அந்த அறைக்குப் போய்ப் பாருங்கள்.