ஆணியில் தொங்கிய மோதிரம்

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மூக்கனின் கையைப் பிடித்து நிறுத்தினாள் அவன் மனைவி.

"ஞாயித்துக்கிழமைதானே தேச்சுக் கொடுத்தேன்? அதுக்குள்ள இப்படிக் கரியா நிக்குது?"

வெள்ளி மோதிரம். கழிவுநீர் பம்பு நிலையத்துக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிப் பம்பு அறை ஆணியில் மாட்டிவிடுவான். எதிலாவது சிக்கினால் விரலோடு போய்விடும் என்ற பயம். சாக்கடை வாயு பட்டு அது கறுப்பதும், பல்பொடி போட்டு அவள் தேய்ப்பதும் கல்யாணமான நாளாக நடப்பதுதான். ஆனால் இப்படிக் கறுக்க ஒரு மாதமாவது ஆகும். இப்போது நாலே நாள்.

"அங்க ஃபேன் ஓடுதா?"

"ஓடுற சத்தம் நாள் பூரா காதுல விழுது. நாத்தமே இல்ல."

"உங்க மூக்கு செத்து வருஷமாச்சு. நேத்து பால் தீஞ்சது தெரிஞ்சுதா உங்களுக்கு?"

அவனுக்குச் சுருக்கென்றது. சாக்கடை மூடியைத் திறக்கும் முன்பே வாயு இருக்கிறதா என்று சொல்லிவிடுவான் என்பதால்தான் அவனுக்கு மூக்கன் என்று பெயரே வந்தது. அன்றைக்கு நிலையத்தின் கழிவுநீர்க் கிணற்றில் இறங்கி, குப்பையைத் தடுக்கும் வலையைச் சுத்தம் செய்ய வேண்டியவனும் அவன்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போய்ச் சேர்வதற்குள் அவள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டிருந்தாள். வாசலிலேயே கூட வேலை செய்பவர்களிடையே ஒரே சிரிப்பு. "மூக்கனுக்கே மோப்பம் சொல்லித் தர வீட்ல ஆள் இருக்குப்பா!" மானம் போனது அவனுக்கு.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. பம்பு அறையிலிருந்து வாயுவை வெளியே இழுக்கும் ஃபேனின் மூடியைக் கழற்றினார். மோட்டார் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட் அறுந்து கீழே கிடந்தது. இறக்கைகள் அசையவே இல்லை. இத்தனை நாள் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுத்தான் அவன் நிம்மதியாக இருந்திருக்கிறான். பக்கத்து மின்பெட்டியில் செம்புக் கம்பிகளெல்லாம் கறுத்துப்போயிருந்தன.

கிணற்றின் வாயில் வாயு அளக்கும் கருவியைக் காட்டியதும் அது வீரிட்டது. யாரையும் இறங்கவிடாமல், நீளக் கம்பியால் ஏணிப்படிகளைத் தட்டிப் பார்க்கச் சொன்னார் சூப்பர்வைசர். வாயு சுவர் ஈரத்தில் அமிலமாகி, வருஷக்கணக்காக இரும்பைத் தின்றிருந்தது. முதல் இரண்டு படிகள் தாங்கின. மூன்றாவது பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே 'தொப்' என்ற சத்தம் கேட்டது. வாசலில் சிரித்தவர்கள் கிணற்றை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தான்.

"நீ போன் பண்ணலைன்னா இந்நேரம்..." என்றவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடி."

"அதெல்லாம் இருக்கட்டும். மோதிரத்தைக் கழட்டுங்க."

"வேணாம். இது இப்படியே கறுப்பா இருக்கட்டும். என் உயிரைக் காப்பாத்துனது."

"நல்லா இருக்கே கதை! இப்பத் தேச்சு வச்சாத்தானே அடுத்த தடவை கறுத்தா தெரியும்?"

கழற்றிக் கொடுத்தான். அவள் பல்பொடியைத் துணியில் தட்டித் தேய்க்கத் தொடங்கினாள். அடுப்படியில் பால் பொங்கி வழியும் வாசனை வந்திருக்க வேண்டும். அவள் சட்டென்று எழுந்து ஓடினாள். அவன் துணியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தேய்த்தான். கறுப்புக்கு நடுவில் நகக்கீறல் அளவுக்கு வெள்ளி தெரிந்தது.