ஊதா மூடிக் குழாய்

உட்கார்ந்தால் இடுப்பு வலி, எழுந்தால் முழங்கால் வலி, படுத்தால் எலும்பெல்லாம் குடைகிறது என்பாள் அக்கா. நாள் முழுக்க ஆய்வகத்தில் அடுத்தவர் ரத்தத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற எனக்கு வீட்டிலும் இதே பாட்டு. எரிச்சல்தான் வரும்.

போன வருடம் டாக்டர் கால்சியம் பார்க்கச் சொன்னார். நானே ரத்தம் எடுத்தேன். அக்காவின் நரம்பு கண்ணாமூச்சி ஆடும். அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாய் நிரம்பிவிட்டது. கால்சியத்துக்கான மஞ்சள் மூடிக் குழாயில் அடிமட்டத்தில்தான் ரத்தம். மறுபடி குத்தினால் ஊரைக் கூட்டுவாள். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். ஊதாவிலிருந்து கொஞ்சம் மஞ்சளில் ஊற்றிச் சரிக்கட்டினேன். ஒன்பதரை வந்தது. நார்மல்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்லக்கா. எல்லாம் உன் மனசுதான். எழுந்து நடமாடு."

அவள் நம்பினாள். தையல் கடையில் தூங்கி வழிகிறாள் என்று வேலையைவிட்டு அனுப்பியபோதும் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள்.

போன வாரம் அரை வாளித் தண்ணீரைத் தூக்கியவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. எலும்பு டாக்டர் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கச் சொன்னார். பத்தரைக்குள் இருக்க வேண்டிய கால்சியம் பன்னிரண்டுக்கு மேல். பாஸ்பேட் மிகக் குறைவு.

"தைராய்டுக்குப் பின்னால அரிசி அளவுல நாலு சுரப்பி இருக்கும்மா," என்றார் டாக்டர். "ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா அதுங்க ஹார்மோனை விட்டு, எலும்புலேருந்து எடுத்துக் குடுக்கும். போதும்னா நிறுத்திக்கும். உங்களுக்கு ஒண்ணு வீங்கிப்போய் நிறுத்தவே மாட்டேங்குது. பாஸ்பேட்டையும் சிறுநீர்ல தள்ளிடுது. இந்த அசதி, வலி எல்லாம் அதனாலதான். ஆபரேஷன் பண்ணி அதை எடுத்துடலாம்." பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "ஆனா போன வருஷம் எப்படி நார்மல்னு வந்துச்சு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் காரணம் தெரியும். ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து பூசியிருக்கும். அது கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். இயந்திரம் குறைத்துக் காட்டும். முதல் வருடப் பாடம். அசதியில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அதுவும் பொய். கொஞ்சம்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன் போல," என்று அக்கா சொன்னபோது தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா மாவுக்கட்டுக் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை குத்தணும்னு சொல்லியிருந்தா, கையை நீட்டியிருப்பேனேடி," என்றாள்.

அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம் எடுக்க இன்று ஆய்வகத்துக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். மஞ்சள் மூடியை முதலில் எடுத்து வைத்தேன். அக்கா என்னைத் தாண்டிப் போய் அடுத்த மேசையில் உட்கார்ந்தாள். அங்கே ரத்தம் எடுப்பவள் சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து பக்கத்தில் போனேன். "இன்னும் கோபமாக்கா?"

"கோபமெல்லாம் இல்லடி," என்று தணிந்த குரலில் சொன்னாள். "உங்கிட்ட கையை நீட்டப் பயமா இருக்கு."